முழங்கையில் பூனை மணி

மாலை ஸ்நூக்கர் வகுப்பில் அவளுக்கு 'டைரி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அளக்கிறவள். எதையும் எண்ணி எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும் அவளுக்கு. முதல் மாதப் பக்கங்கள் முழுக்க ஒரே புலம்பல்: 'முழங்கை ஆடியது. மறுபடி ஆடியது. ஒருவேளை எனக்கு மட்டும் முழங்கையைத் தப்பாக மாட்டியிருக்கிறதோ?'

"முழங்கை ஆணி அடிச்ச மாதிரி நிக்கணும்மா. அதுக்குக் கீழ இருக்கற கை மட்டும் ஊஞ்சலாடணும்" என்பார் கோச். அவளுக்கோ பந்தடிக்கும் கோலைப் பின்னால் இழுத்ததுமே முழங்கை கோழி இறக்கை மாதிரி படபடக்கும்.

அடுத்த கட்ட வகுப்பில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். வெள்ளிக்கிழமை, ஐந்து பந்தில் மூன்றைக் குழியில் தள்ளினால் அது அவளுக்கு. இல்லையென்றால் மேசையை மறந்துவிட வேண்டியதுதான்.

தங்கைதான் வழி சொன்னாள். பூனையின் கழுத்து மணியைக் கழற்றி அக்காவின் சட்டைக் கையில், முழங்கைக்கு நேராக, ஊக்கால் குத்தினாள். "ஆடினா அடிக்கும். அவ்ளோதான்."

சாப்பாட்டு மேசையில் துடைப்பக் கட்டையை வைத்துப் பயிற்சி. முதல் நாள் அறுபது வீச்சுக்கு நாற்பத்தொன்பது தடவை மணி. இரண்டாம் நாள் பூஜ்யம். மூன்றாம் நாளும் பூஜ்யம்! டைரியில் மூன்று நிறத்தில் அடிக்கோடு போட்டாள். கடைக்குப் போகும்போது கால் தரையில் பாவவில்லை.

வெள்ளிக்கிழமை மணியோடேயே போய், டைரியில் இருந்த பூஜ்யங்களை எல்லோருக்கும் காட்டினாள். நான்கு பந்தில் இரண்டு விழுந்தன, இரண்டு ஓரத்தில் இடித்துத் திரும்பின.

"முழங்கை பறக்குதேம்மா!" என்றார் கோச்.

"சான்ஸே இல்ல சார். மணி அடிக்கலையே!"

வேடிக்கை பார்க்க வந்து சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்த தங்கை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"என்னடி?"

"திட்டாதக்கா... நீ கிணுகிணுன்னு உயிர எடுத்த. போன்ல ஒரு வார்த்த பேச முடியல. உள்ள பஞ்சு அடைச்சிட்டேன்."

ஹாலே சிரித்தது. "அப்ப அந்தப் பூஜ்யமெல்லாம்?" என்று கேட்டார் கூடப் படிக்கும் சலூன்காரர்.

"பஞ்சு வாங்குன மார்க்!" என்றாள் தங்கை.

கோபப்படலாம் என்றுதான் அக்கா பார்த்தாள், சிரிப்பு முந்திக்கொண்டது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பஞ்சைப் பிடுங்கினாள், குனிந்தாள். ஒத்திகைக்கு ஒரு வீச்சு: கிணிங்! மறுபடி சிரிப்பலை. இன்னொரு வீச்சு: கிணிங்! இப்போதுதான் அவள் காது விழித்தது. இழுத்த கை முன்னால் திரும்பும் அந்த நொடியில்தான் மணி அடிக்கிறது. அங்கேதான் அவசரப்படுகிறாள்!

கோலை இழுத்தாள். திரும்பும் இடத்தில் ஒரு மூச்சு நின்றாள். அடித்தாள்.

வெள்ளைப் பந்து ஓடிப்போய்க் கறுப்பைத் தொட்டது. கறுப்பு நிதானமாக உருண்டு, குழியின் வாயில் கொஞ்சம் யோசித்து, 'தொப்'பென்று உள்ளே போனது. மணி வாயே திறக்கவில்லை.

அதன் பிறகு அவள் குதித்த குதியில் அது அடித்து ஓயவில்லை. அன்றைய பக்கத்தில் எழுதினாள்: 'பூஜ்யம், பஞ்சு இல்லாமல். குதித்தபோது அடித்ததை எண்ணவில்லை. எண்ண எங்கே நேரம்?'