ஒரு கேன் தூரம்

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு எதைச் சொன்னாலும் கைதட்டத் தெரிகிறது. எதற்குத் தட்டுகிறோம் என்பதுதான் தெரிவதில்லை. இராஜாக்கமங்கலம் கடற்கரையில், மாதா கோயில் மண்டபத்துக் கடைசி பெஞ்சில் அல்போன்ஸ் அப்படித்தான் முனகிக்கொண்டிருந்தார்.

மேடையில் ஓர் அதிகாரி. புதுப் படகு எஞ்சின் பாதி டீசல்தான் குடிக்குமாம், வாங்கினால் வரித் தள்ளுபடியாம், நாட்டுக்கே எண்ணெய் மிச்சமாம். எஞ்சினுக்குப் பெயர் கொடுக்க முன்வரிசையில் காத்திருந்தான் அல்போன்ஸின் இளைய மகன் அஜின்.

அல்போன்ஸ் எழுந்தார்.

"சாரே, எனக்க மூத்தவன் யூஜின் இந்த எஞ்சினத்தான் முதல்ல வாங்கினான். எண்ணெய் மிச்சம் புடிச்சானான்னு கேளும்."

அந்தக் கரையில் ஒரு முறை உண்டு. வள்ளத்தில் இரண்டு கேன் டீசல் ஏற்றுவார்கள். ஒன்று தீர்ந்ததும், எத்தனை மீன் கண்டாலும், கரைக்குத் திருப்பிவிட வேண்டும்; மற்றது திரும்பி வருவதற்கு. பழைய எஞ்சினில் கேன் தீரும்போது மருந்துவாழ்மலையின் உச்சி கண்ணில் இருக்கும். புது எஞ்சினிலும் யூஜின் முறை தவறவில்லை. கேன் தீர்ந்த பிறகே திரும்பினான். அதற்குள் இரு மடங்கு தூரம் போய், மலை எப்போதோ மறைந்திருக்கும். "அங்கதாம்ப்பா பெரிய மீனு," என்று சிரிப்பான். டீசல் முன்பு எவ்வளவோ அவ்வளவே. காற்று திசைமாறிய அன்று கரைக்குப் பக்கத்தில் நின்ற வள்ளங்கள் கரையேறின. அவன் வரவில்லை. பெட்டிக்குள் அவன் சட்டையை வைத்துத்தான் புதைத்தார்கள்.

அதிகாரி தணிந்த குரலில் சொன்னார்: "பெரியவரே, செலவு குறைஞ்சா ஆளுங்க கூடுதலா ஓட்டத்தான் செய்வாங்க. அதனாலதான் டீசல் வரிச் சலுகையையும் குறைக்கணும்னு சிலபேர் சொல்றாங்க. விலை ஏறினா தூரம் குறையும்."

"கீழ எறங்கும் வோய்!" என்று யாரோ ஒருவன் அதிகாரியைப் பார்த்துக் கத்தினான்.

"வெல ஏறினா மட்டும் மீனு கரைக்குப் பக்கத்துல வந்து கெடக்குமா, சாரே?" என்றார் அல்போன்ஸ்.

அஜின் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தான். "இரியும்ப்பா. நான் அரை கேன்ல திரும்பிருவேன். மாதா மேல ஆண."

"மீனக் கண்டா நீ கேனப் பாப்பியாலே, மக்கா?"

மேடையிலிருந்து அஜினின் பெயரைக் கூப்பிட்டார்கள். போனான். கைதட்டல் எழுந்தது.

அல்போன்ஸ் வாசலில் செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டார். கிழக்கே மருந்துவாழ்மலை வெயிலில் துலக்கமாக நின்றது.

"அரை கேனாம்," என்று மணலில் துப்பிவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தார்.