பக்கீத்தா அழுத காட்சி

கெய்ரோவில், ஆப்தீன் அரண்மனைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் அந்தக் கட்டடத்துப் பெண்களுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டென்பதே பாதிப் பேருக்கு மறந்துபோயிற்று. பெற்றவளைப் பிள்ளையின் பெயரை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். எதிர்வீட்டு இனாயத், மித்ஹத் அம்மா. கீழே கீரை விற்பவள், சய்யித் அம்மா. மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் தஹீபாவை மட்டும் எல்லோரும் பக்கீத்தா என்பார்கள். சினிமாவில் அவள் போட்ட வேலைக்காரி வேஷத்தின் பெயர் அது.

வேஷம் என்றால் என்ன பெரிய வேஷம்! அழைப்பு மணி அடிக்கும். அவள் ஓடிவந்து கதவைத் திறப்பாள், கையில் இருக்கும் தட்டோடு தடுக்கி விழுவாள், எழுந்து, "கதவு அதாவே தொறந்துக்கிச்சு எஜமானி, நான் ஒண்ணும் பண்ணல" என்பாள். கொட்டகை அதிரும். அதற்குப் பிறகு வந்த படங்களிலும் அதே கறுப்பு முகம், அதே தட்டு, அதே விழுதல். அடுத்தவர் வீட்டுக் கதவைத் திறந்து திறந்தே கிழவியாகிவிட்டாள். நோன்பு மாதம் வந்தால் அந்தப் படம் டி.வி.யில் வராமல் இருக்காது. மறுநாள் அவள் கடைக்கு இறங்கினால் ரொட்டிக்காரர்கூட "கதவு அதாவே..." என்று ஆரம்பித்துவிடுவார். அவளும் சிரித்து வைப்பாள். சிரிக்காவிட்டால் கறுப்பிக்குத் திமிரைப் பார் என்பார்கள். இத்தனை வருஷம் அவர்களோடு குடித்தனம் செய்தவளுக்கு இது தெரியாதா?

ஒருநாள் ரஷா என்ற பெண் போன் செய்தாள். பழைய படங்களைத் தேடிப் பாதுகாக்கும் சங்கமாம். அந்தப் படத்தின் வெட்டிப் போட்ட சுருள் ஒன்று கிடங்கில் கிடைத்திருக்கிறதாம், சத்தத்தோடு நன்றாக இருக்கிறதாம், எல்லாவற்றையும் சேர்த்து முழுப் படமாகத் திரையிடப் போகிறார்களாம்.

"நீங்க சமையல்கட்டுல உக்காந்து அழுவீங்களே, அந்தக் காட்சிம்மா. முழுசா இருக்கு. நீங்க கட்டாயம் வரணும்" என்றாள்.

தஹீபா போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். நப்ரா. புருஷன் கப்பலில் சமையல்காரனாகப் போனவன், போனவன்தான். குழந்தையைத் தெற்கே நைல் கரையில் இருந்த தன் நூபிய ஊரில் அக்காவிடம் விட்டுவிட்டுப் பிழைப்புக்குக் கெய்ரோ வந்தாள் தஹீபா. அணை கட்டுகிறோம் என்று அரசாங்கம் அந்த ஊரையே கிளப்பிக்கொண்டுபோய், ஆற்றைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாத பொட்டலில் இறக்கியது. அங்கே வந்த முதல் கோடையில் நிறையக் குழந்தைகள் போய்ச் சேர்ந்தன. நப்ராவும் அதில் ஒருத்தி. ஊர்க்காரர் ஒருவர் ஸ்டூடியோ வாசலுக்கு வந்து சொன்னபோது அடக்கமெல்லாம் முடிந்திருந்தது. குழந்தைக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அவள் தவழ்ந்த வீடு தண்ணீருக்கு அடியில் போய்விட்டது.

அன்றைக்குத்தான் அந்தக் காட்சி எடுத்தார்கள். கதையில் வேலைக்காரியின் குழந்தை இறந்துவிடுகிறது, அவள் ஜமீலா ஜமீலா என்று அழ வேண்டும். தஹீபா ஜமீலாவை எங்கே போய்த் தேடுவாள்? வாயில் நப்ராதான் வந்தது. டைரக்டர் அசந்துபோய், அப்படியே இருக்கட்டும் என்றார். படம் வெளிவந்தபோது காட்சியைக் காணோம். வேலைக்காரி அழுவதைப் பார்க்க எவன் டிக்கெட் வாங்குவான் என்று முதலாளி வெட்டச் சொல்லிவிட்டாராம்.

பிள்ளைக்காரி என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று முதலில் மறைத்தாள். பிறகு, யாராவது கேட்டால்தானே சொல்வதற்கு? பக்கீத்தாவுக்குப் பிள்ளை குட்டி இருந்திருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நப்ரா என்ற பெயரை அவளைத் தவிர வேறு யாரும் கேட்டே எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இப்போது ஒரு கொட்டகை நிறைய மனிதர்கள் கேட்கப் போகிறார்கள். அவளுக்கு அது போதும். வேறு எதையும் அவள் எதிர்பார்க்கவில்லை.

தனியாகப் போகத் தைரியம் வராமல் இனாயத்தைக் கூட்டிக்கொண்டாள். இனாயத் நல்லவள். இவளுக்குக் காய்ச்சல் என்றால் அவள் வீட்டு அடுப்பிலிருந்துதான் சூப் வரும்.

மாலைக் காட்சி. கொட்டகை நிறையப் படித்த இளம் பிள்ளைகள். படம் ஓடியது. தட்டோடு விழுந்தாள், சிரித்தார்கள். மறுபடி விழுந்தாள், மறுபடி சிரித்தார்கள். கதவு வசனம் வந்தபோது கூடவே சேர்ந்து சொன்னார்கள். சிரித்துக்கொள்ளட்டும் என்று தஹீபா பொறுத்துக்கொண்டாள். கை மட்டும் இனாயத்தின் கையைப் பிடித்திருந்தது.

சமையல்கட்டு வந்தது. திரையில் இருபத்துச் சொச்ச வயது தஹீபா அடுப்படியில் சரிந்து உட்கார்ந்தாள். முகம் கோணியது, வாய் திறந்தது. அவ்வளவுதான், எங்கோ ஒருவன் களுக்கென்றான். அவனைத் தொட்டு இன்னொருத்தி. பிறகு கொட்டகையே சிரித்தது. அந்த முகத்தைப் பார்த்தால் சிரிக்க வேண்டும் என்று அவர்களுடைய அப்பன் பாட்டன் காலத்திலிருந்து பழக்கி வைத்திருக்கிறார்களே, பிறகு என்ன செய்வார்கள்! திரையில் அவள் வாய் அசைவது தெரிந்தது. பெயர் கேட்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்து பார்த்தாள். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பக்கத்தில் இனாயத் முக்காட்டின் நுனியை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தஹீபா தன் கையை உருவிக்கொண்டாள்.

படம் முடிந்து பேச்சு. நம் படங்கள் கறுப்பு மனிதர்களை எப்படிக் காட்டின என்பது தலைப்பாம். கண்ணாடி போட்டவர்கள் ஏறி, எவ்வளவு பெரிய அநியாயம் என்று அழகழகாகப் பேசினார்கள். இப்போதுதானே சிரித்து முடித்தீர்கள் பாவிகளா என்று அவளுக்கு வயிறு எரிந்தது. கடைசியில் ரஷா அவளை மேடைக்கு அழைத்து மைக்கைக் கையில் கொடுத்தாள்.

"எங்களுக்காக ஒரே ஒரு தடவை அந்தக் கதவு வசனத்தைச் சொல்லுங்கம்மா."

கீழே எல்லோரும் தயாராகக் காத்திருந்தார்கள். தஹீபா மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"நான் நப்ராவோட அம்மா" என்றாள்.

ஏதோ புது வசனம் என்று நினைத்துக் கொட்டகை சிரித்துக் கைதட்டியது. அவள் இனாயத்தைத் தேடினாள். இனாயத் மட்டும் கைதட்டவில்லை, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது டாக்ஸி டிரைவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். "கதவு அதாவே..." என்று ஆரம்பித்தவரை, ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொல்லி இனாயத் அதட்டினாள். மூச்சு வாங்க மாடி ஏறினார்கள். தஹீபா சாவியைப் போட்டுத் திருகும்போது பின்னாலிருந்து இனாயத்தின் குரல் வந்தது.

"உனக்குப் பொண்ணு இருந்தாளா? இத்தனை வருசம் எதிர்ல இருக்கேன், எங்கிட்டகூடச் சொல்லலையே. யாருடி அந்த நப்ரா?"

தஹீபா திரும்பிப் பார்க்கவில்லை.

"அடுப்படியில உக்காந்து ஒருத்திய கூப்பிட்டேனே, நீ சிரிச்சியே. அவதான்."

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். விளக்கைப் போடாமல் கதவிலேயே சாய்ந்து நின்றாள். அவள் அழவில்லை. அழுதால் தன் முகம் எப்படி இருக்கும் என்று இப்போதுதானே பார்த்துவிட்டு வந்தாள். வெளியே இனாயத் நகர்ந்துபோகும் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. அவள் வீட்டுக் கதவு திறக்கும் சத்தமும் இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு மெல்ல ஒரு தட்டல்.

"நப்ரா அம்மா."

தஹீபா கதவிலிருந்து நிமிர்ந்தாள். சாகும் வயதில் முதல் தடவையாக ஒருத்தி அவளை அப்படிக் கூப்பிடுகிறாள்.

"நப்ரா அம்மா, கதவைத் தொற."

கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. ஆனால் அவள் அதை இழுக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று இருட்டில் காத்துக்கொண்டு நின்றாள்.