டியூக்குக்கு விழுந்த வடைமாலை

அது சித்திரையா வைகாசியா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. வெயில் மட்டும் நினைவிருக்கிறது.

தேயிலைத் தோட்டத்துத் துரையின் அல்சேஷன் டியூக்கைப் பதுளை நாய்க் கண்காட்சிக்குக் கொண்டுபோகும் பொறுப்பு யோகராஜனுடையது. கோப்பை கிடைத்தால் பங்களா வேலை நிரந்தரம்; இல்லாவிட்டால் முழங்கால் வலியோடு மறுபடி மலை வேலைக்கு. வெயில் நாளில் நாய்க்கு வெறும் வயிறு, அடிக்கடி கொஞ்சம் தண்ணீர், எண்ணெய்ப் பண்டம் கூடவே கூடாது என்று துரைசானி எழுதியே கொடுத்திருந்தார். தொழிலாளர் லயத்தில் எந்த வயிற்றைப் பற்றியும் யாரும் இவ்வளவு யோசித்ததில்லை.

எல்லாவற்றையும் கடைப்பிடித்த யோகராஜன், வேண்டுதலுக்காக வழியில் வைரவர் கோயிலில் லொறியை நிறுத்தச் சொன்னான். பூசாரி சாமிக்குச் சாத்திய வடைமாலையை எடுத்து வந்து நாயின் கழுத்தில் போட்டார்.

"ஐயா, இதுக்கு எண்ணெய் ஆகாதுங்க!"

"வைரவரு வாகனத்துக்கே வடை ஆகாதா? எந்த டாக்டருடா சொன்னான்? கழட்டுனா தெய்வக் குத்தம், பாத்துக்க."

அவன் கழற்றவில்லை. பதுளை சேர்வதற்குள் மாலை அறுந்து, இருபத்தொரு வடையும் டியூக்கின் வயிற்றுக்குள் போயிருந்தன.

உச்சி வெயிலில் நடுவர் குனிந்து டியூக்கின் வாலைத் தூக்கினார். அவருடைய வெள்ளைக் காற்சட்டை அன்றோடு முடிந்தது.

"என்னத்தடா குடுத்த?" என்று துரைசானி அலறினார்.

"நான் குடுக்கலங்கம்மா. சாமி குடுத்தது."

டியூக் மூன்று நாள் சேலைனில் கிடந்து தேறியது. துரை குடும்பம் மாற்றலாகிக் கொழும்புக்குப் போனது. பூசாரி இன்னும் அதே கோயிலில்தான் இருக்கிறார். யோகராஜன் மலையில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறான்.