சத்தியபாயின் பல்லும் அப்பாவின் நாற்காலியும்

அன்று வாசகசாலையில் இருந்தவர்கள்: தலைவர் ஜெயன், செயலாளர் ஜோஸ்னா, ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் சுயம்பு, தையல்கடை அம்மிணி, என் தங்கை சத்தியபாய், ஈசாக்காகிய நான். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்லுகிறவர்கள் மழைக்கு வராந்தாவில் ஒதுங்கியவர்கள்.

ஆட்சிக் குழுவில் ஓர் இடம் காலி. என் தம்பி ரெத்தினதாஸ் இருந்த இடம். அவன் மகளோடு பெங்களூர் போய்விட்டான். அவனுக்கு முன்னால் அப்பா இருந்தார். எங்கள் குடும்பத்தார் அல்லாமல் குளத்தூரில் யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. என் பெயர் எடுபடாமல் போனால் அந்த இடத்துக்கு அடுத்து வரப்போவது எதிர்ப்புற டீக்கடைத் தாணு. ஆகவே சலவை வேட்டி உடுத்துப் போனேன்.

சுயம்பு என்னை முன்மொழிந்தான். ஆதரிக்க ஓர் ஆள் வேண்டும். குளத்தூர் கேரளத்தில் இருப்பதால் கூட்டம் மலையாளத்தில் நடக்கும். 'பிந்தாங்குன்னு' என்றால் ஆதரிக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்காகவே சத்தியபாயை அதியன்னூரிலிருந்து ஆட்டோ வைத்து வரவழைத்திருந்தேன். அங்கே வாழ்க்கைப்பட்டவள், உறுப்பினர் அட்டையை மட்டும் இங்கிருந்து மாற்றவில்லை. புதிதாகப் பல் செட் வைத்திருந்தாள்.

எழுந்து கம்பீரமாகச் சொன்னாள்: "பின்வாங்குன்னு."

விலகுகிறேன் என்று அர்த்தம்.

"எதுலேருந்து சேச்சி?" என்றான் ஜெயன். "நீங்க நிக்கவே இல்லியே."

"நின்னாத்தானே விலக முடியும்?" என்றாள் அம்மிணி. "அப்பம் சேச்சிக்க பேர நான் சொல்லுதேன். எழுது மக்கா."

"பிந்தாங்குன்னு!" என்றான் சுயம்பு, என்னை முன்மொழிந்த அதே வாயால்.

"எலே சுயம்பு!"

"ஒரு ஆவேசத்துல வந்துட்டு அண்ணே."

ஜோஸ்னா மேசையில் தலை கவிழ்ந்து குலுங்கிக்கொண்டிருந்தாள். ஜெயன் மணியடித்தான். "சேச்சி, இப்பம் தாராளமா விலகலாம்."

சத்தியபாய் பல் செட்டைக் கழற்றி, கைக்குட்டை விரித்து, மணிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு எழுத்தெழுத்தாகச் சொன்னாள்: "பிந்தாங்குன்னு."

"ஆரை?" என்றான் ஜெயன்.

"என்னையாக்கும்." என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, மொதல்ல சொன்னது பல்லு. இது நான். அப்பா இருந்த எடத்துல ஒருக்கா இருந்து பாக்கட்டா?"

அம்மிணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "சேச்சி அதியன்னூருக்காரியில்லியா? ஈசாக்கண்ணனுக்க குடும்பத்துக்கு நாற்காலி போச்சே!" என்றாள்.

நான் எழுந்தேன். கன்னம் ஒட்டிய அந்த முகத்தில் அப்பாவின் தாடை அப்படியே இருந்தது.

"எங்க அப்பாவுக்க மவளாக்கும் அவ," என்றேன். "எழுது மக்கா. ஈசாக் பின்வாங்குன்னு."

எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லை வேண்டுமென்றே சொன்ன முதல் ஆள் நான். சொல்லி முடித்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சத்தியபாய் பல்லில்லாமலே சிரித்தாள்.

புது உறுப்பினரின் பல் தெறித்து ஜெயனின் டீக்குள் விழுந்ததாகத் தாணுவின் கடையில் பேசிக்கொள்கிறார்கள். விழவில்லை. அவளே கழற்றி வைத்தாள்.