எதையும் திறக்காத பெயர்

விசாரணைக்கு வந்திருந்தவர்கள்: எச்.ஆர். மேலாளர் வசந்தகுமார், மேசைக்கு அந்தப் பக்கம். கம்ப்யூட்டர் பிரிவின் பார்த்திபன், மடியில் லேப்டாப்போடு. மூத்த ஆபரேட்டர் துலுக்காணம், சாட்சிக்கு. ஆபரேட்டர் இம்மானுவேல், விசாரிக்கப்படுபவன். எதிர்ச் சுவரில், புரொஜெக்டர் வெளிச்சத்தில், வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி வைக்கப்பட்ட இம்மானுவேலின் மனைவி ஸ்நேகா. அவள் முகத்துக்குப் பக்கத்தில், பெரிய ஆங்கில எழுத்தில், அவர்களுடைய மகள் கெசியாவின் பெயர்.

மகள் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவளை வருகைப் பட்டியலில் யாரும் எழுதவில்லை.

"இது என்னன்னு தெரியுதா?" என்று வசந்தகுமார் சுவரைக் காட்டினார்.

"எம் பொண்ணு பேரு சார்."

"பக்கத்துல நாலு நம்பர் இருக்கே?"

"அவ பொறந்த வருஷம்."

பார்த்திபன் தொண்டையைச் செருமினான். "நேத்து இந்த மீட்டிங்க ஆன்லைன்ல பாத்துக்கினு இருந்தேன் சார். ஃபேக்டரிங்களுக்கு கம்ப்யூட்டர் வழியா வர்ற ஆபத்தப் பத்தி மேடம் பேசினாங்க. எந்த கம்பெனின்னு சொல்லல. ஆளுங்க பேரு எதுவும் சொல்லல. இது மட்டும் உதாரணத்துக்குக் காட்டுனாங்க. நம்ம கண்ட்ரோல் ரூம்ல இந்தப் பேரு அடிபட்ட ஞாபகம். போய் அடிச்சுப் பாத்தேன். தொறந்துகிச்சு."

"எத்தனை பேருக்குத் தெரியும் இது?"

"கண்ட்ரோல் ரூம் ஆளுங்க எல்லாத்துக்கும் தெரியும் சார்" என்றார் துலுக்காணம்.

"வேற?"

"டீ கொண்டாறவருக்கும் தெரியும்." கொஞ்சம் யோசித்து, "ஆனா அவரு தப்பாத்தான் அடிப்பாரு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

வெளியாளுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்த மாதிரிக் கெமிக்கல் கம்பெனியில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு அப்படித் தெரியாது. ரியாக்டர் கொதித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஷிப்ட் மாறும். ஒருவன் தன் ஐடியை மூடிவிட்டு எழுந்து, அடுத்தவன் தன் ஐடியைத் திறந்து உட்கார்ந்தால், நடுவில் திரை இருண்டு கிடக்கும். உள்ளே சூடு எவ்வளவு ஏறுகிறது என்று அந்த நேரத்தில் எவனுக்கும் தெரியாது. அதனால் யாரும் மூடுவதில்லை. எழுந்தவனின் இடத்தில் அடுத்தவன் அப்படியே உட்காருவான். சீட்டைச் சூட்டோடு கொடுப்பது என்பார்கள். எல்லா ஷிப்டுக்கும் ஒரே ஐடி, ஒரே பாஸ்வேர்ட்.

ஐடி இம்மானுவேலுடையது. பிளாண்ட் தொடங்கியபோது முதலில் பயிற்சிக்குப் போய்வந்தவன் அவன்தான். பாஸ்வேர்ட் வை என்றபோது, அந்த வருடம் எல்.கே.ஜி. சேர்ந்திருந்த மகளின் பெயரை வைத்தான். கரண்டு போய் வந்தால் அதை மறுபடி அடிக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் கரண்டு போகாத வாரம் ஏது? புதிதாக வருகிறவன் கேட்பான், "பாஸ்வேர்டு இன்னா ணா?" "இம்மா பொண்ணு பேரு." "அது இன்னா பேரு?" இப்படி எல்லாரும் அவள் பெயரைக் கற்றுக்கொண்டார்கள். ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரலாம் என்று கேட்டைத் திறந்துவிடும்போது, கெசியா புது கவுனில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். "டேய், பாஸ்வேர்டு வந்துகிச்சு பாரு, லட்டு எடு" என்று துலுக்காணம் கத்துவார். அவளுக்கு அதில் ஏகப் பெருமை.

டெங்குவில் போனாள். அதில் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

ஆட்கள் எல்லாரும் கல்லறைக்கு வந்து மண் போட்டார்கள். பிறகு ஒரு நாள் கரண்டு போய் வந்தது. கீபோர்டுக்கு முன் துலுக்காணம் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்னவன் சபரிநாதன், "மாத்திடலாமா ணா?" என்றான். "இன்னாத்துக்கு? அது பாட்டுக்கு இருக்கட்டும், போடா" என்று சொல்லிவிட்டு அவர் அடித்தார். அன்றிலிருந்து அது அப்படியே இருந்தது.

இம்மானுவேலுக்கு அது போதும். வீட்டில் அந்தப் பெயர் நின்றுபோயிருந்தது. சுவரில் போட்டோ உண்டு, பேச்சில் கிடையாது. அவன் சொன்னால் ஸ்நேகா உடைவாள் என்று அவன் நினைத்தான். அவள் என்ன நினைத்தாள் என்று அவனுக்குத் தெரியாது. கண்ட்ரோல் ரூமில் மட்டும் அவன் விரல்கள் ஒவ்வொரு எழுத்தாக அதைச் சொல்லும். திரையில் எழுத்து வராது. கறுப்புப் புள்ளிகள்தான் வரும். அந்தப் புள்ளிகளுக்காகத்தான் வேலைக்குப் போனான் என்றுகூடச் சொல்லலாம்.

ஸ்நேகா தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனிக் கிடங்கில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆன்லைனிலேயே முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். தேசியப் பாதுகாப்பு, அதில் இணையப் பாதுகாப்புக் கொள்கை. சேர்ந்த புதிதில் பக்கத்து வீட்டுச் செண்பகம் கேலி செய்வாள். "டாக்டருக்குப் படிக்கிறியாமே, ஜொரத்துக்கு இன்னா மாத்திரை போடலாம்?" மகள் காய்ச்சலில் இறந்தபிறகு அந்தக் கேலி நின்றது. படிப்பு நிற்கவில்லை. புதைத்த மாதமே ஸ்நேகா லேப்டாப்பைத் திறந்துவிட்டாள். இவளுக்கு மறந்துவிட்டது என்று இம்மானுவேல் முடிவு கட்டிக்கொண்டான்.

ஒரு நாட்டைக் கவிழ்க்க ராணுவம் வேண்டாம், ஒரு சின்னத் தொழிற்சாலையின் பாஸ்வேர்ட் போதும் என்பது அவள் ஆராய்ச்சி. அதற்கு ஆட்களைப் பேட்டி எடுக்க வேண்டியிருந்தது. இம்மானுவேல்தான் தன் ஷிப்ட் ஆட்களைக் கூட்டி வந்தான். சர்ச்சு முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பிரியாணி தின்றுவிட்டு எல்லாவற்றையும் கொட்டினார்கள். பாஸ்வேர்டை மட்டும் 'உங்க பொண்ணு பேருதான்' என்றார்கள், பெயரைச் சொல்லவில்லை. யார் பெயரும் வெளியே வராது என்று அவள் சொன்னாள். வரவும் இல்லை. துலுக்காணம் 'ஆபரேட்டர் இரண்டு' ஆனார். புருஷன் 'ஆபரேட்டர் நான்கு' ஆனான்.

"மேல விஷயம் போனா கம்பெனியையே மூடிடுவாங்க" என்றார் வசந்தகுமார். "உங்களுக்கு மெமோ. அதோட விட்டுடறோம். இன்னைக்கே பாஸ்வேர்டை மாத்துங்க. அடுத்த வாரத்துலேர்ந்து ஆளுக்கொரு ஐடி."

"சார், சஸ்பெண்டு கூட பண்ணிக்கோங்க. அத மட்டும் விட்ருங்க."

"எதை?"

இம்மானுவேல் சுவரைப் பார்த்தான். துலுக்காணம்தான் சொன்னார். "அந்தப் பேர சார்."

வசந்தகுமார் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் சுவரில் எழுத்து அப்படியே இருந்தது. நேற்று அதை எத்தனை ஊரில் எவனெவன் பார்த்தானோ.

கண்ட்ரோல் ரூமில் சபரிநாதன் சீட்டைவிட்டு எழுந்து நின்றான். பார்த்திபன் மெதுவாக, "நானே என் ரூம்லேர்ந்து மாத்தியிருப்பேன் ணா. நீங்களே பண்ணா நல்லாயிருக்கும்னு தோணுச்சு" என்றான்.

மூன்று கட்டம். பழையது ஒன்றில், புதியது இரண்டில். பழையதை இம்மானுவேல் நிதானமாக அடித்தான். கடைசிப் புள்ளி விழுந்ததும் கையை எடுத்துவிட்டான். புதியதற்கு மகளின் பெயரோடு அவள் இறந்த வருடத்தைச் சேர்த்துப் பார்த்தான். பழையதைப் போலவே இருக்கிறது, ஏற்கமுடியாது என்று சிவப்பில் வந்தது. பெயரைத் திருப்பிப் போட்டான். அதற்கும் அதே சிவப்பு. நின்றவர்கள் எல்லாரும் சேஃப்டி ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதிரே தீயணைப்புக் கருவி தொங்கியது. அதன்மேல் ஒட்டியிருந்த எழுத்தையும் எண்ணையும் அடித்தான். ஏற்றுக்கொண்டது. திரையில் சூடு, அழுத்தம், வால்வு, எல்லாம் எப்போதும்போல் ஓடின.

வெளியே வந்ததும் துலுக்காணம் பீடியைப் பற்றவைக்காமல் விரலில் உருட்டினார். "எனக்கும் ஒண்ணு குடுப்பாங்களாம் இம்மா. இன்னா வைக்கிறது?"

"யாரு பேரும் வைக்காத ணா."

சாயந்தரம் வீட்டுக்குப் போனான். ஒரு ஹால், ஒரு சமையலறை, அவ்வளவுதான் வீடு. ஸ்நேகா சர்ச்சுக்குக் கட்டும் புடவையில் இருந்தாள். அன்றைக்குத்தான் அவளுடைய கடைசி வாய்மொழித் தேர்வு. அங்கே காலை, இங்கே சாயந்தரம். நாற்காலிக்குப் பின்னால் வெள்ளைப் பெட்ஷீட் கட்டியிருந்தாள். மகளின் போட்டோ அதற்குப் பின்னால் போயிருந்தது.

"விசாரணை இன்னாச்சு?" என்றாள். காலையில் அவளுக்கு ஃபோனில் சொல்லியிருந்தான்.

"மாத்திட்டேன்."

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாருக்கும் வேற பேரு வச்ச இல்ல?" என்றான். "எனக்கு நம்பரு போட்ட. ஊரு பேரு, கம்பெனி பேரு எல்லாம் மறைச்ச. அதுக்கு மட்டும் ஏன் வைக்கல?"

"உயிரோட இருக்கறவங்க பேரத்தான் மறைக்கச் சொல்லியிருந்தாங்க."

"அதான் காரணமா?"

அவள் புடவை ஓரத்தை மடித்தாள். "வச்சுப் பாத்தேன்ப்பா."

"இன்னா வச்ச?"

"ஜெனின்னு வச்சேன். தொறந்து படிக்கிறப்பல்லாம் யாரோ ஊட்டுப் புள்ளயப் பத்தி எழுதிக்கினு இருக்கற மாதிரி இருந்துச்சு. என்னால முடியல. கெசியான்னே திருப்பி அடிச்சிட்டேன்."

மூன்று வருடத்தில் அந்த வீட்டில் அந்தப் பெயர் அப்போதுதான் கேட்டது. இம்மானுவேலுக்கு அவள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்காரவில்லை. காலையில் சிவப்பில் வந்தது இன்னும் கண்ணில் நின்றது.

"புதுசு இன்னா வச்ச?" என்று கேட்டாள். பழக்கம்.

"யாருக்கும் சொல்லக்கூடாது. நீதான எழுதியிருக்க, பொண்டாட்டிக்குக்கூட சொல்லக்கூடாதுன்னு."

அவள் சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டது. முந்தானையால் துடைத்தாள், கண் மை கலையாமல்.

"இன்னிக்கு அந்தப் பேரு இருக்கற பக்கத்த எடுத்துடறேன்."

"எதுக்கு? தாராளமா காட்டு. இனிமே அது எதையும் தொறக்காது."

சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. லேப்டாப்பிலிருந்து டிங் என்று ஒரு சத்தம் வந்தது. தேர்வு எடுப்பவர் யாரோ அந்தப் பக்கம் வந்துவிட்டார். அவள் சட்டென்று எழுந்தாள்.

"ரூம்ல நான் மட்டும்தான் இருக்கணும். கதவு பூட்டியிருக்கான்னு கேமராவுல காட்டச் சொல்வாங்க" என்றாள் தாழ்ந்த குரலில்.

"தெரியும்."

"நாஷ்டா எதாச்சும் துன்னியா?"

"வெளிய பாத்துக்கறேன்."

செருப்பை மாட்டினான். பெட்ஷீட்டின் ஒரு மூலை காற்றில் தூக்கியது. போட்டோவின் கண்ணாடி விளிம்பு தெரிந்தது. அவள் அதை இழுத்துச் செருகிவிட்டு, அவன் பின்னாலேயே வாசல்வரை வந்தாள். அவன் முதுகைத் தொட்ட மாதிரி இருந்தது. தொட்டாளா, வெளியே போகச் சொன்னாளா, தெரியவில்லை.

அவன் படியிறங்கினான். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு சாவியும் திரும்பியது.