கால்கள் போட்ட பாதை

அந்தப் பூங்கா ஒரு காலத்தில் வெறும் குழி. நகரத்தின் பாதி வீடுகளுக்குச் செங்கல் கொடுத்த சூளை, களிமண்ணைத் தோண்டித் தீர்த்துவிட்டு மூடிக்கொண்டு போனது. பள்ளத்தில் மழை தேங்கியது. யாரும் நடாத நாணல் முளைத்தது. நாணலைத் தேடி வாத்துகள் வந்தன. ஊரே அங்கே குப்பை கொட்டிக்கொண்டிருந்தபோது, நகராட்சி இஞ்சினியர் ஒருவர் மட்டும் அதைக் குளமாகப் பார்த்தார்.

அவர் வேலை செய்யும் விதமே தனி. குப்பையை அள்ளினார், புல் வளர்த்தார், வாசலைத் திறந்துவிட்டு ஒரு வருஷம் சும்மா இருந்தார். "சம்பளம் வாங்கிக்கிட்டுப் புல்லு வளர்க்கிறான்" என்று அலுவலகமே சிரித்தது. ஜனங்கள் நடந்து நடந்து எங்கே புல் தேய்ந்ததோ, அங்கே மட்டும் செங்கல் பதித்தார். புல்லை மிதிக்காதே என்ற பலகைக்கு அந்தப் பூங்காவில் வேலையே இல்லாமல் போயிற்று.

ஓரிடம் மட்டும் விதிவிலக்கு. வாசலுக்கும் குளத்துக்கும் நடுவே பாதை காரணமில்லாமல் வளைந்து போகும். குறுக்கே போகிறவர்களைத் தடுக்க அங்கே வேலிச்செடி வைக்க வேண்டியிருந்தது.

அவர் இறந்த பிறகு அவருடைய மனைவி தினமும் அந்த வளைவில் நடந்தாள். இருவரும் கடைசியாகச் சேர்ந்து நடந்தது அங்கேதான். இப்போது அதை எடுத்துவிட்டு நேர்ப்பாதை போடப் போகிறார்கள். போடப் போவது வேறு யாருமில்லை. பூங்காவின் புதுப் பொறுப்பாளரான அவளுடைய நாத்தனார்.

"உங்க அண்ணன் அழகுக்காக வச்ச வளைவு. அதுல கை வைக்க உனக்கு எப்படி மனசு வருது?"

"அழகா? அண்ணனா? அட போங்க அண்ணி!" நாத்தனாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அந்த வருஷம் இங்க சூளைக்காரன் விட்டுட்டுப் போன செங்கல் உடைசல் மலை மாதிரி கிடந்துச்சு. ஜனங்க சுத்திப் போனாங்க. இவரும் அந்தத் தடத்துலயே கல்லைப் பதிச்சிட்டாரு. அப்புறம் உடைசலை அள்ளினதும் தலையில கை வச்சு உக்காந்துட்டாரு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"அசடு வழிஞ்ச கதையைப் பொண்டாட்டிகிட்ட எவன் சொல்வான்?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "அப்ப அவர் முறைப்படியே செய். வேலியில வழி விடு. ரெண்டும் திறந்து இருக்கட்டும். காலுங்க சொல்லட்டும்."

"சரி. ஆனா அண்ணி, கள்ள ஓட்டுப் போட்டு நூறு தடவை நடக்கக் கூடாது!"

செடியை வெட்டி வழி விட்டார்கள். அவள் பிடிவாதமாக வளைவிலேயே நடந்தாள். தள்ளுவண்டிக் குழந்தைகள், கைகோத்த கிழ ஜோடிகள், வேலைக்கு ஓடுகிறவர்கள் எல்லாரும் குறுக்கே போனார்கள். வளைவின் செங்கல் இடுக்கில் புல் தலைதூக்கியது. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி அவள் கடந்து போனாள்.

ஒரு காலை, குளக்கரையில் கூட்டம். தாய் வாத்து ஒன்று பஞ்சுருண்டைக் குஞ்சுகளோடு முதல்முறையாகத் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசிக் குஞ்சு கரையிலேயே தயங்கி நின்றது. அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள். அது 'தொபுக்' என்று விழுந்ததும் கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டினாள். அதன்பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். வளைவு தூரத்தில் ஆளில்லாமல் கிடந்தது. வந்த தடம் நேராக அவள் காலடியில் முடிந்தது.

அங்கிருந்தே நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"நேராவே போட்டுடு."

"என்ன அண்ணி, திடீர்னு?"

"என் காலே உங்க அண்ணன் கட்சிக்குப் போயிடுச்சுடி. நான் என்ன பண்ண?"