மூன்று 'இழு'வுக்கு மேல்

பக்கத்தில் நின்று ஒருவர் கத்தினால் உங்களுக்குப் பலம் கூடுமா? கூடிவிடும் என்ற பயத்தில்தான் எங்கள் சோதனை அறையில் கத்தலுக்கும் விதி வைத்திருக்கிறார்கள். யார் வந்தாலும் "இழு, இழு, இழு", ஒரே அளவு சத்தம். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது.

விளையாட்டு வீரர்களின் பலத்தை அளப்பது என் வேலை. எகிறிக் குதிக்க ஒரு பலம், களைத்த பிறகும் தாக்குப்பிடிக்க ஒரு பலம், தரையோடு பூட்டிய கம்பியை இழுக்கும்போது மொத்த பலம். என் பலத்தை நான் அளந்ததில்லை. ஜாம் பாட்டில் மூடியே என்னை ஜெயித்துவிடும்.

அன்று வந்தவள் துடுப்புப் போடும் பெண். தோளில் அடிபட்டு ஆறிய பிறகு முதல் சோதனை. கம்பியில் நூற்றுப் பத்து கிலோ காட்டினால் படகில் இடம். இல்லையென்றால் இந்த வருடம் கரையில் நின்று கைதட்ட வேண்டியதுதான்.

"அண்ணா, பயமா இருக்கு. பாத்துக்கோங்க."

அண்ணாவா! இந்த ஊருக்கு வந்ததிலிருந்து எல்லாருக்கும் நான் 'மெஷின்காரர்'. வீட்டில் என்னோடு பேசுவது ஃப்ரிட்ஜ் மட்டும்தான், அதுவும் உறுமல். உருகிப் போய்விட்டேன்.

அவள் கம்பியைப் பிடித்தாள். "இழு, இழு, இழு" என்றேன். மீட்டர் முள் நூற்றில் தயங்கியது. அதற்குப் பிறகு என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"விடாத தங்கச்சி! அப்படித்தான்! என் ராசாத்தி, இன்னும் கொஞ்சம்! தூள்!"

முழங்காலை மடக்கி நானும் கூடவே முக்கினேன். முள் நூற்றுப் பன்னிரண்டைத் தொட்டது. குதித்தேன்.

கதவருகே படகுக் குழுவின் பயிற்சியாளர் அம்மா நின்றிருந்தார்.

"ஏன்யா, இழுத்தது அவளா, நீயா?"

"லேசா உற்சாகப்படுத்தினேன் மேடம்."

"லேசாவா? நீச்சல் குளத்துல இருந்தவங்கல்லாம் பயந்து கரையேறிட்டாங்க. மத்தவங்களுக்கு மூணு 'இழு', இவளுக்கு மட்டும் கச்சேரியா? இது செல்லாது. நாளைக்கு மறுபடியும் இழுக்கட்டும்."

அந்தப் பெண் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "ஏண்ணா இப்படிப் பண்ணீங்க? நாளைக்கு நூத்திப் பத்து வரலைன்னா என் கதி?"

"நீ அண்ணான்னு கூப்பிட்டியேம்மா..."

"வாட்ச்மேனையும் அப்படித்தான் கூப்பிடுறேன். அவர் இப்படியா பண்றாரு?"

மறுநாள் காலை பயிற்சியாளர் அம்மாவே மூன்று முறை "இழு" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு முள்ளைப் பார்த்தேன். நூற்றுப் பதினாறு வந்தது.